நீலம் என்றுதான் சொன்னேன்

மேசைமேல் இருக்கிற அந்த நூல்கொத்தை ஜன்னல் ஓரத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள் ஐயா. நேர் வெயில் பட்டால் பட்டு வெளுத்துவிடும். செங்கல் நிறம் தாங்கும், மஞ்சள் தாங்காது. நாளைக்குக் கோர்ட்டில் காட்டும்போது எது மஞ்சள், எது வெள்ளை என்று தெரியாமல் போனால் கஷ்டம் உங்களுக்குத்தான்.

எழுதிக்கொள்கிற காவலரும் அவசரப்பட வேண்டாம். நான் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை, மெதுவாகவே சொல்கிறேன். என் பெயர் லோகாம்பாள். வயது முப்பத்தொன்பது. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வீடு எங்களுடையது. அப்பா துரைக்கண்ணு செத்தபோது எனக்குப் பத்தொன்பது, தம்பி வேலாயுதத்துக்குப் பதினாலு. அன்றைக்குச் சாய அடுப்பின் பக்கத்தில் போய் நின்றவள்தான். நெசவுக்காரர்கள் பழைய புடவையிலிருந்து ஓர் இழையைப் பிய்த்துக்கொண்டு வந்து, "இதே கலர் வேணும்மா" என்பார்கள். ஒரு தரம் பார்த்தால் எனக்குப் போதும். லோகா சொன்னால் நிறம் சரியாக இருக்கும் என்று தெருவில் பேச்சு. பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த வழக்கே அந்தப் பேச்சின்மேல்தான் நிற்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு சாயம் இறக்கியதும் அந்த நூலில் ஓர் இழையை எடுத்து ஒரு கயிற்றில் முடிந்துவைப்போம். மாதிரி இழை என்று பெயர். ஆறு மாதம் கழித்து யாராவது வந்து "போன தடவை போட்டது இது இல்லையே" என்று சண்டைக்கு நின்றால், கயிற்றை எடுத்து மூக்குக்கு நேரே காட்டிவிடலாம். உங்கள் மேசைமேல் இருப்பதும் அப்படி ஒரு கயிறுதான். ஆனால் அதில் இருப்பவை புடவை நிறங்கள் இல்லை.

தம்பிக்குச் சர்க்கரை வியாதி. இருபத்தொரு வயதிலேயே பிடித்துக்கொண்டது. ஊசி மருந்து பாட்டிலை ஈர மணல் போட்ட சட்டியில் வைத்து, ஊசியைக் கொதிக்க வைத்து, தினமும் போட்டுக்கொண்டு வந்தான். அதோடே கல்யாணமும் நடந்தது. ஐயம்பேட்டை நெசவுக் குடும்பத்துப் பெண் தேவகி. நல்ல பெண். குழந்தை தங்கவில்லை. எழுபத்து நாலில் அவனுக்கு முகம் ஊதியது, கால் ஊதியது, சிறுநீர் நின்றுபோயிற்று. மேற்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாற்று கிட்னி வைப்பது வழக்கமில்லை, ஆனாலும் சின்ன வயது, கூடப் பிறந்தவர்கள் யாராவது கொடுத்தால் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அவனுக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் அம்மா சம்பூர்ணம் அப்போது உயிரோடு இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"உனுக்கு இன்னா புள்ளையா குட்டியா? யாருக்காக ரெண்டு வெச்சிக்கினு இருக்கப் போறே?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. தம்பியைப் படிக்க வைத்து, தொழிலுக்கு ஆளாக்கி, கல்யாணம் முடித்து நிமிர்வதற்குள் எனக்கு வயது தாண்டிவிட்டிருந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, மனசாரக் கொடுக்கிறாயா என்றார். மனசாரத்தான் கொடுத்தேன். இதை அழுத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

முதுகு விலாவிலிருந்து தொப்புள் பக்கம் வரை கீறி எடுத்தார்கள். தையல் ஆறிய பிறகும் ஈர நூலைச் சட்டியிலிருந்து தூக்கினால் அந்த இடம் இழுக்கும். அவனுக்கு அதை அடிவயிற்றில், வலது பக்கம் வைத்தார்கள். மூன்றாம் நாளே சிறுநீர் வந்தது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அடிவயிற்றைத் தட்டிக் காட்டி, "அக்கா நல்லா வேலை செய்யுதுபா" என்பான். அதற்கு அக்கா என்றே பேர் வைத்துவிட்டான். அக்கா தூங்குது, அக்கா எழுந்துகிச்சு என்று விளையாட்டு. எனக்குச் சிரிப்பு வரும். உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அம்மாவும் அந்தச் சந்தோஷத்தோடேயே அடுத்த ஆனியில் கண்ணை மூடினாள்.

மாற்று கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை சர்க்கரையை இன்னும் ஏற்றும். அதனால் தினமும் சோதிக்கச் சொன்னார்கள். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் நீல மருந்து, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். மருந்தைப் பார்த்ததுமே மயில்துத்தம் சேர்ந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே நிற்கும். கொஞ்சம் இருந்தால் கிளிப்பச்சை. ஏற ஏற மஞ்சள், ஆரஞ்சு. மிஞ்சிப் போனால் செங்கல். நீலம் என்றால் ஊசி மருந்தைப் பாதியாகக் குறைக்கலாம், செங்கல் என்றால் முழு அளவு போட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும்.

அதற்குள் அவனுக்குக் கண் மங்கிவிட்டது. அதுவும் சர்க்கரையின் வேலைதான். பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. சாயக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய இடி என்று உங்களுக்குப் புரியுமோ என்னவோ. தேவகி பார்க்கிறேன் என்றாள். அவன் ஒப்பவில்லை. "கலர் பாக்கறது அக்காதான். வேற யாரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்" என்றான். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் நிறம் பார்ப்பேன், நோட்டில் எழுதுவேன், தேவகி அதற்குத் தகுந்தபடி ஊசி போடுவாள். எழுதி முடித்ததும் பழக்கதோஷத்தில், அந்த நிறத்துக்குப் பொருந்துகிற பட்டு இழை ஒன்றை எடுத்துக் கயிற்றில் முடிந்துவைப்பேன். ஐப்பசி ஏழாம் தேதி வரை நோட்டும் கயிறும் ஒத்துப்போகும். வேண்டுமானால் வைத்துப் பாருங்கள்.

வாலாஜாபேட்டையிலிருந்து சாயப்பொடி கொண்டுவருகிறவர் ஒருவர் உண்டு. பெயர் தணிகாசலம். பெண்சாதி செத்துப்போய்விட்டாள், அலமு என்று ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. ஒரு நாள் புதிதாக ஒரு நீலப் பொடியைத் தண்ணீரில் கரைத்து என்னிடம் காட்டி, எப்படி இருக்கிறது என்றார். அடியில் சாம்பல் ஓடுதுங்க என்றேன். அவர் குனிந்து மறுபடி பார்த்துவிட்டு, "மூணு ஊருல காட்டினேம்மா. ஒருத்தர் கண்ணுலயும் படலே" என்றார். அதற்கப்புறம் அவர் வருகிற நாளில் தலையை வாரிக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை, தப்பாக எழுதிவிடாதீர்கள்.

ஐப்பசி ஏழாம் தேதி அவர் வந்தபோது நான் பின்கட்டில் நூல் அலசிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தட்டிதான். தேவகி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"உங்க அக்காவ எனுக்குக் குடுக்கறியாபா? பெரிசா ஒண்ணும் வேணாம். கோயில்ல தாலி கட்டிக் கூட்டிக்கினு போறேன்."

என் கையிலிருந்த நூல் தண்ணீருக்குள் போய்விட்டது. தம்பி சிரித்தான்.

"ஐயே, அது பின்னமாச்சேபா. உனுக்குத் தெரியாதா இன்னா?"

பின்னம் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூக்கு உடைந்த சிலை, விரல் போன சிலை. கருவறையில் வைத்துப் பூசை செய்ய மாட்டார்கள். குளத்தில் போட்டுவிடுவார்கள்.

"தெரியும்பா. கூடப் பொறந்தவனுக்குத்தானே குடுத்துச்சு. அதுல இன்னா பின்னம்?" என்றார் அவர்.

"வெளக்கேத்த வர்றவ முழுசா இருக்க வேணாமா? நாளைக்கு மிச்சம் இருக்கறதும் நின்னு போச்சுன்னா அல்லாடறது நீதான். பொண்ணு கொழந்தய வேற வெச்சிக்கினு இருக்கறே. அப்பால, இங்க சாயம் யாரு பாக்கறது? எனுக்குக் கலர் யாரு பாக்கறது?"

"உன் வயித்துல ஓடிக்கினு இருக்கறதே அதுனுதுதானேபா."

"அதெல்லாம் அப்போ" என்றான் தம்பி. அடிவயிற்றைத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "இப்போ இது என்னுது."

குரலைக்கூடத் தாழ்த்திக்கொள்ளவில்லை. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் தாழ்த்தாததுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. தணிகாசலம் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். பிறகு அவர் வரவில்லை, வேறு ஆளிடம் பொடி அனுப்பினார். கார்த்திகையில் ஆரணியில் அவருக்குக் கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன்.

கோபத்தில் செய்தாள் என்று எழுதிவிடாதீர்கள். கோபம் வந்திருந்தால் கத்தியிருப்பேன், நாலு பாத்திரத்தை உருட்டியிருப்பேன், ஒரு வேளை சாப்பிடாமல் கிடந்திருப்பேன். எங்கள் வீட்டில் கோபம் அப்படித்தான் வரும், போகும். அன்றைக்கு நான் நூலைத் தேடி எடுத்துப் பிழிந்து காயப்போட்டேன். அவனுக்குக் கேழ்வரகுக் களி கிண்டினேன். மனசு வெறிச்சென்று இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் குழாயில் ஆரஞ்சு நிறம் நின்றது. முகத்தைச் சுளித்துப் பார்த்துக்கொண்டு, வழக்கம்போல, "இன்னா கலர்க்கா?" என்றான்.

"நீலம்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. பல மாதமாக நீலமே இல்லை. "பாத்தியா, அக்கா வேலையக் காட்டுது" என்று தேவகியைக் கூப்பிட்டான். தேவகி ஊசி மருந்தைப் பாதியாகக் குறைத்தாள். அவன் ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் கேட்டான். நீலம்தானே என்று கொடுத்தாள். நான் நோட்டில் நீலம் என்று எழுதினேன். கயிற்றில் ஆரஞ்சு இழையை முடிந்தேன். நோட்டு அவனுக்கு, கயிறு எனக்கு. கண்ணால் பார்த்த நிறத்தை மாற்றி முடிந்தால் சாயக்காரிக்குக் கை விளங்காமல் போய்விடும்.

அப்படி எழுபத்தொரு நாள். ஐப்பசி எட்டிலிருந்து எண்ணிப் பாருங்கள், எழுபத்தொரு முடிச்சு இருக்கும். முதல் பத்துப் பன்னிரண்டு மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும். அதற்குமேல் எல்லாம் செங்கல்.

சர்க்கரை கூடினால் தாகம் எடுக்குமே, அவனுக்குச் சந்தேகம் வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. "நாக்கு வறண்டுக்கினே இருக்குதே அக்கா" என்றான். மாத்திரைச் சூடு என்றேன். ஒத்துக்கொண்டான். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "தெனம் நீலமா இருக்குது, இன்னாத்துக்கு பஸ்ஸுல குலுங்கிக்கினு போவணும், தை பொறக்கட்டும்" என்று அவனே தள்ளிப்போட்டான். நான் ஒரு வார்த்தை தடுக்கவில்லை, ஒரு வார்த்தை தூண்டவும் இல்லை.

கார்த்திகை நடுவில் சாய அடுப்பிலிருந்து தெறித்த தணலை மிதித்துக்கொண்டு நின்றான். காலில் உணர்ச்சி கிடையாது. நாற்றம் வந்த பிறகுதான் என்னமோ தீய்கிறது என்று குனிந்து தேடினான். அந்தப் புண்ணை நான்தான் தினமும் கழுவினேன், ஐயா. பஞ்சு வைத்து, மருந்து வைத்து, துணி சுற்றினேன். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என்னைப்போலத் தம்பியைப் பார்த்துக்கொண்ட அக்கா இல்லை என்றுதான் சொல்வார்கள். கட்டை விரல் கறுத்தது. பிறகு பக்கத்து விரல். ஊர் டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சுகர் இவ்வளவு நன்றாக இருக்கும்போது புண் ஏன் ஆறவில்லை என்று தலையைச் சொறிந்தார். ஒரு தரம் சிறுநீரைப் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தனுப்பச் சொன்னார். அந்தப் பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்தது என்னுடையது.

அது இன்னொரு பொய் என்று நீங்கள் சொல்லலாம். நானும் யோசித்துப் பார்த்தேன். அவன் சிறுநீரும் என் கிட்னி பிரித்த சிறுநீர்தானே. யாருடையது என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்?

மார்கழி பத்தொன்பதாம் தேதி காலையில் அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. பெருமூச்சு வாங்கியது. மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை. நான் குழாயைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "இன்னா கலர்?" என்றான். கண்ணாடிக்குள் செங்கலைக் கரைத்து ஊற்றினாற்போல இருந்தது. நீலம்டா, தூங்கு என்றேன். அப்புறம் அவன் யாரிடமும் பேசவில்லை.

தேவகி அவனை ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அங்கே அவர்களே சோதித்திருக்கிறார்கள். தேவகி பதறிப்போய், "தெனம் நீலம்தானே டாக்டர், நோட்டுல எழுதியிருக்குதே" என்றிருக்கிறாள். போய் நோட்டைக் கொண்டுவா என்றார்களாம். வீட்டுக்கு வந்து மாடத்திலிருந்து நோட்டை எடுத்தவள், அதே மாடத்து ஆணியில் தொங்கின கயிற்றையும் பார்த்தாள். வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் ஏதோ நூல் குப்பை என்று போயிருப்பாள். இவள் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள். கடைசி முடிச்சிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, நோட்டின் தேதியைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். நான் அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிடுங்கியிருக்கலாம். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஏனோ எழுந்திருக்கத் தோன்றவில்லை.

ஐப்பசி எட்டு வந்ததும் அவள் விரல் நின்றது.

"என் கையாலயே செய்ய வெச்சிட்டீங்களே அண்ணி" என்றாள்.

ஊசியைக் குறைத்தது நீதானேம்மா, நான் நிறம் மட்டும்தானே சொன்னேன் என்றேன். சமாதானமாகத்தான் சொன்னேன். அவள் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதாள். பாவம்தான். அவளுக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை. இரண்டு நாள் கழித்து, இருபத்தொன்றாம் தேதி, தம்பி போய்விட்டான்.

வேண்டுமென்று செய்தாயா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வேண்டுமென்றுதான் செய்தேன். செத்துப்போவான் என்று தெரியுமா என்றால், தெரியும். எழுபத்தொரு நாளும், ஒவ்வொரு காலையிலும் தெரிந்துதான் நீலம் என்று சொன்னேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன்.

ஆனால் அவன் சாக வேண்டும் என்று செய்யவில்லை. அதைப் புரிந்துகொள்ளுங்கள். எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. கண் மங்கி, கால் மரத்து, சொந்தக் கிட்னி இரண்டும் சுருங்கிப்போய், என் சதையால் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தவன் முழு ஆளாம். நான் பின்னமாம். சாயத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தால் நாங்கள் வாயால் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். இரண்டு நூலையும் ஒரே கொதியில் போட்டுவிடுவோம். எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று தண்ணீரே சொல்லிவிடும்.

இன்றைக்குக் காலையில் அறுத்துப் பார்த்த டாக்டர் வந்திருந்தாரே, அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார். ஈரல், கண், கால், ரத்தக்குழாய் எல்லாம் கெட்டுப்போயிருந்ததாம். அடிவயிற்றில் வலது பக்கம் இருந்தது மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருந்ததாம். அப்போதுதான் ஐயா எனக்கு அழுகை வந்தது. நீங்கள் பார்த்தீர்கள், தம்பிக்காக அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். அந்தத் தண்ணீருக்கு நன்றி.

ஒரே ஓர் உதவி. சோதனைக்காக அதை எடுத்து ஒரு பாட்டிலில் போட்டுச் சென்னைக்கு அனுப்பப்போகிறார்களாம். மேலே ஒட்டியிருக்கிற சீட்டில் வேலாயுதம் என்று எழுதியிருக்கிறது. மற்ற பாட்டில்களில் அப்படியே இருக்கட்டும். அந்த ஒரு பாட்டிலில் மட்டும் பேரைத் திருத்தி லோகாம்பாள் என்று எழுதச் சொல்லுங்கள். வழக்கு முடிந்ததும் அதை எங்கே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.